ஏழே காலுக்குத் தட்டாத கதவு

திருமுல்லைவாயில்,
10.8.2025, ஞாயிறு.

அன்புள்ள கனிமொழிக்கு,

எத்திராஜ் மாமா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தை ஹேமாவதியும் மாத்திரை, நடை, சண்டை மூன்றையும் நேரம் தவறாமல் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார் என்று சொன்னாய். படிக்கட்டு ஏறப் பழக்குகிறார்களா என்று கேட்டு எழுது. சமதரையில் நடப்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். உனக்கு நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் நீ ‘சொல்லுங்க மாமா’ என்றதும், அங்கே மழையா, இங்கே அம்பத்தூர் பக்கம் ஒரே புழுக்கம் என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

போன வாரம் நீ என்ன சொன்னாய் என்றால், அப்பா புனேயில் இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் அனுப்பிவைக்கிறேன், அவர் விழுந்த அன்றைக்கு உங்கள் வாக்கிங் குழு மட்டும் இல்லையென்றால் அப்பா எனக்கு இல்லை, உங்களை நம்பித்தான் தனியாக விடுகிறேன் மாமா என்றாய். நான் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நீ டிக்கெட் போட வேண்டும்.

எங்கள் பலகையை நீ பார்த்திருப்பாய். ராணியின் டீக்கடைப் பக்கச் சுவரில் தொங்குகிறதே, அதுதான். மேலே ஒரு வரிசை ஆணி, கீழே ஒரு வரிசை ஆணி. எங்கள் ஒன்பது பேருடைய பித்தளை டோக்கன்களும் மேல் வரிசையில் தொங்கும். காலையில் ஏரிக்கரையில் நடக்க வருகிறவர் தன் டோக்கனை எடுத்துக் கீழ் வரிசையில் மாட்டிவிட்டு நடக்க ஆரம்பிக்க வேண்டும். ஆறரை மணிக்கு யாருடைய டோக்கன் மேலேயே தொங்குகிறதோ, இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். போன் செய்யக் கூடாது. போனில் கேட்டால் எங்கள் வயதில் எல்லோரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வோம்.

இது வந்த காரணம் கிருபாகரன். முத்தாபுதுப்பேட்டையில் தனியாக இருந்தவர், சைக்கிளில் வந்து எங்களோடு நடப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் மூன்று நாள் கிடந்தார். திருத்தணியில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று எங்களுக்குள் நாங்களே முடிவு செய்துகொண்டு, மூன்று நாளும் நிம்மதியாக நடந்தோம். எப்படியோ பிழைத்துவிட்டார், இப்போது மகனோடு இருக்கிறார். அதற்குப் பிறகு உன் அப்பாதான் ஃபேக்டரி டோக்கன் முறையைக் கொண்டுவரலாம் என்றார். வேலையில் இருந்தவரைக்கும் நாம் வந்தோமா இல்லையா என்று பார்க்க ஓர் ஆள் இருந்தான், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். பாடியில் தெரிந்தவருடைய லேத் பட்டறையில் அவரே உட்கார்ந்து பித்தளைத் தகடு வெட்டி நம்பர் அடித்துக் கொண்டுவந்தார்.

முறை நன்றாகத்தான் நடந்தது. ஒரு தடவை ஜுல்ஃபிகர் வரவில்லை என்று நானும் உன் அப்பாவும் போய்க் கதவைத் தட்டினால், மனிதர் குளித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டருக்கு நேரம் தவறலாமா என்று அவர் சம்சாரம் நசீம் பானு எங்கள் எதிரிலேயே அவரைக் காய்ச்சி எடுத்தது. எங்களுக்கு சேமியா பாயசம் கிடைத்தது. சர்க்கரை இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இனி என் கதை. பாடி ஃபேக்டரியில் உன் அப்பா மெஷின் ஷாப்பில் இருந்தார், நான் டைம் ஆபீஸ் கிளார்க். ஒருவன் டோக்கனை இன்னொருவன் போடுகிறானா என்று பார்ப்பதுதான் முப்பத்து நாலு வருஷம் என் வேலை. 1987-ல் உன் அப்பாவின் டோக்கனை அவருடைய சிநேகிதர் போட்டபோது கையோடு பிடித்து மெமோ கொடுக்க வைத்தேன். உன் அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த தாமதம் அது. நீதான் பிறக்க இருந்தாய். காரணம் எனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதினேன். ஆறு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தக் குணம் எனக்கு இல்லை, நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்த ஜனவரியிலிருந்து அவருக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். விடியற்காலையில்தான் கண்ணயர்வார், ஏழு மணிக்குத்தான் ஏரிக்கரைக்கு வர முடியும். ஆறரைக்குள் டோக்கன் கீழே வராததால் இரண்டு நாள் போய்க் கதவைத் தட்டினோம். இரண்டாவது நாள் மாடியில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிட்டது, வாட்ச்மேன் ஓடி வந்தார், யாரோ ஆம்புலன்ஸ் சொல்லவா என்று கேட்டார்கள். உன் அப்பா தூக்கக் கலக்கத்தோடு லுங்கியில் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு என்னிடம், நான் தூங்குறதுகூட ஊருக்குத் தெரியணுமா எத்திராஜ், இனி நான் வரலை, என் டோக்கனைக் கழட்டிடுங்க என்றார்.

அவர் வராமல் நின்றுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா போன பிறகு அவர் வெளியே நாலு பேரோடு பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். அதனால் ஒரு பொய் சொன்னேன். உங்களுக்கு மட்டும் ஏழே கால் வரைக்கும் நேரம் கொடுக்கக் குழுவில் ஒத்துக்கொண்டார்கள், டோக்கனைக் காலையில் நானே கீழே மாட்டிவிடுகிறேன், ஏழே காலுக்குள் நீங்கள் வராவிட்டால் நானே வந்து கதவைத் தட்டுகிறேன் என்றேன். குழுவில் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு நேரம் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஆயுசு முழுக்க எதைப் பிடித்தேனோ அதையே செய்தேன். தினமும் செய்தேன். தினமும் அவர் ஏழு, ஏழு ஐந்துக்கு வந்து டீ குடிப்பார். ஒருவருக்கும் தெரியாது.

மார்ச் பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஆறு இருபதுக்கு என் டோக்கனையும் அவர் டோக்கனையும் கீழே மாட்டினேன். அன்றைக்கு அத்தைக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, அம்பத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும். சுற்றை முடித்துவிட்டு ஏழே காலுக்குப் பலகையைப் பார்த்தேன். ஒன்பதும் கீழே தொங்கின. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று கிளம்பிவிட்டேன். நானே மாட்டிய டோக்கனை நானே நம்பினேன் கனிமொழி. மறந்தது என்று சொல்வதா, பழக்கம் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. பலகை சொன்னால் ஆள் வந்தாயிற்று என்று முப்பத்து நாலு வருஷம் பார்த்த கண்.

அப்பா விழுந்தது ஆறு மணிக்கு முன்னால், குளியலறையில். கண்டுபிடித்தது குழு இல்லை. ராணி. பதினொன்றரை மணிக்குக் கடையில் கூட்டம் குறைந்ததும் பாத்திரம் கழுவிக்கொண்டே பலகையைப் பார்த்திருக்கிறாள். இன்னாடா இது, டோக்கன் கீழ கீது, ஆளு டீ குடிக்க வர்லியே, டீ குடிக்காம அவரு ஊட்டுக்குப் போவ மாட்டாரே என்று யோசித்து, அடுப்பை அணைத்துவிட்டுத் தனியாகவே போயிருக்கிறாள். எதிர்வீட்டில் கொடுத்துவைத்திருந்த சாவியால் திறந்தது அவளும் வாட்ச்மேனும். நீ புனேயிலிருந்து வந்து இறங்கியபோது வாக்கிங் குழுதான் காப்பாற்றியது என்று யாரோ சொன்னார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஈரத் தரையில் அத்தனை நேரம் கிடந்ததால் நெஞ்சில் சளி கட்டி, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஒன்பது நாள் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாள் படுக்கையில்தான் கால் சதை கரைந்தது என்று டாக்டர் உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். ஏழே காலுக்கு நான் தட்டியிருந்தால் இதில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

வார்டில் ஒரு நாள் அப்பா என்னிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். விழுந்தவுடன் வலிதான் இருந்தது, பயம் இல்லை என்றார். ஏழே காலுக்கு எத்திராஜ் வந்துவிடுவார் என்று தெரியும், அதனால் காலை அசைக்காமல் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தேன், தவழ்ந்துபோய் மேஜை மேலிருந்த போனை எடுக்கலாமா என்று நினைத்தேன், எதற்கு, இதோ வந்துவிடப் போகிறார் என்று விட்டுவிட்டேன் என்றார். பிறகு மயக்கத்தில் நேரம் தெரியவில்லையாம். எத்திராஜ்தான் ராணியை அனுப்பினார் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அதைச் சொன்னபோது நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதைவிட வெட்கமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

போன மாதம் குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஜுல்ஃபிகர், வேலியே பயிரை மேய்ஞ்ச கதையா ஆச்சேய்யா என்றார். ராணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, டீ மட்டும் டம்ளரை ‘டக்’கென்று வைத்துவிட்டுப் போவாள். இப்போது டோக்கனை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறோம், கையோடு கொண்டுவந்தால்தான் பலகையில் மாட்ட முடியும். பொறுப்பு ராணியிடம். தாமதமாக வருகிறவர் முதல் நாளே அவளிடம் சொல்லிவிட வேண்டும், சொன்ன நேரத்துக்கு அவள் ஆள் அனுப்புவாள். நான் பலகைப் பக்கம் கை வைப்பதில்லை.

அதனால் இங்கே உள்ளது உள்ளபடி இதுதான். முறை முன்பைவிட ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதை நடத்துகிறவர்கள் எழுபது வயதுக்காரர்கள், மறப்பார்கள், இரக்கப்படுவார்கள், பொய்யும் சொல்வார்கள். அப்பாவை அனுப்பு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அனுப்பாதே என்று சொல்ல மனசும் இல்லை. போனில் அவர் என்னோடு பேசினால் நல்லா இருக்கேன் என்று மூன்று தடவை சொல்கிறார். வேறு ஒன்றும் சொல்வதில்லை. நீ வேலைக்குப் போன பிறகு அவர் யாரோடு பேசுகிறார் என்று கொஞ்சம் பார். இந்தக் கடிதத்தை முதலில் அவரிடம் கொடு. எனக்குத் திட்டு வரட்டும், நேரில் வந்தாலும் சரி, போனில் வந்தாலும் சரி.

அனுப்புவதில்லை என்று நீ முடிவு செய்தால் ஒரு காரியம் மட்டும் செய்ய வேண்டும். உங்கள் அபார்ட்மெண்டில் காலையில் நடக்கிற பெரியவர்கள் இருப்பார்கள். மராத்தியோ இந்தியோ, பாஷை ஒரு தடை இல்லை, யாராவது ஒருவரிடம் அப்பாவை ஒப்படைத்துவிடு. அவரிடம் இதை மறக்காமல் சொல்லிவை. மெஷின் சத்தத்தில் அப்பாவுக்கு வலது காது எப்போதோ போய்விட்டது. உனக்கே தெரிந்திருக்காது. யாரிடமும் சொல்ல மாட்டார், கேட்டதுபோலத் தலையாட்டுவார், பிறகு பேச்சு அவரைத் தாண்டிப் போய்விடும், அவரும் மெல்ல வருவதை நிறுத்திவிடுவார். ஆகையால் கூட நடக்கிறவர் எப்போதும் அவருக்கு இடது பக்கமாகவே நடக்க வேண்டும். பதினொரு வருஷம் அந்தப் பக்கம் நான் நடந்தேன். நல்ல இடம் அது.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். நீ எந்த முடிவு எடுத்தாலும் என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா,
எத்திராஜ்