கார் ஷெட்டுக்கு நிலை வைத்த வருஷம்

24-4-86, வியாழன்

குருவம்மாளுக்குப் பல்வலி. அவள் காலை ஷிப்டை நான் பார்த்தேன். அந்தப் பல்லுக்குக் கோடி நமஸ்காரம். இல்லையென்றால் என் தலையெழுத்தை அண்ணன் மகன் பொன்னுராஜ் கல்யாணத்தன்றுதான் தெரிந்துகொண்டிருப்பேன்.

பத்தேகால் மணிக்கு போர்டில் எங்கள் வீட்டு நம்பர் விழுந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன். அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் கேட்டார். இருபது வருஷமாக இந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாள்கூட என் குரலை அவர் அடையாளம் கண்டதில்லை. வீட்டில் கத்துகிற தொண்டை வேறு போலிருக்கிறது.

லைன் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும். அதுதான் விதி. எடுக்கவில்லை. நாற்பத்தாறு வயசில் எனக்கு வாய்த்த ஒரே கெட்ட பழக்கம் இது.

மகனுக்குப் பெண் கொடுக்கிற சம்பந்தியிடம் சொல்கிறார்: "மாடி ரூம் சின்னஞ்சிறுசுகளுக்குத்தான். தங்கச்சியா? அவ ஒத்தக்கட்டை. கார் ஷெட்டுல ஒரு ஓரமா இருந்துக்கிடுவா."

மாடி ரூம் என் ரூம். பதினெட்டு வருஷம்.

இரண்டாவது நிமிஷத்திலேயே "மூணு நிமிஷம் முடிஞ்சது" என்று லைனைப் பிடுங்கிவிட்டேன்.

25-4-86

ஒத்தக்கட்டை! என்னைப் பதினோரு பேர் வந்து பார்த்தார்கள். பத்துப் பேருக்கு என்னைப் பிடிக்கவில்லை. பதினோராவது ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் அந்தப் பத்துப் பேரையும் மன்னித்துவிட்டார்கள், என்னைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

28-4-86

கேட்டேவிட்டேன். எப்படித் தெரியும் என்று அண்ணன் கேட்கவில்லை. மதினி மட்டும் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காத ஆவுடை. மருமக வாரா. எங்க படுக்க வைக்கிறது?"

"சரி மதினி, ஷெட்டுக்கே போறேன். ஓரமா இல்ல. முழுசா. நிலை வச்சு, கதவு போட்டு, ஜன்னல் வச்சு, குளிக்க ஒரு இடம் கட்டி. தாழ்ப்பாள் உள்பக்கம், எங் கைக்கு."

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முகம் சுருங்கியது. "அப்பா கார் இருக்கே?"

இருக்கிறது. 1949-இல் அப்பா வாங்கிய கறுப்பு மாரிஸ். அப்பா போனதிலிருந்து, ஆறு வருஷமாக, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் படுத்திருக்கிறது. ஓடாத காருக்கு ஒரு ஷெட். விடிந்தால் ஓடத் தொடங்குகிற எனக்கு அதில் ஒரு ஓரம்.

"நாளைக்கே ஆள் வச்சுத் தள்ளி வேப்பமரத்தடியில விட்டுருதேன்" என்றார்.

20-5-86

நாளை இன்னும் வரவில்லை.

1-6-86, ஞாயிறு

கொத்தனார் பால்ச்சாமி வந்து அளந்தார். சேத்தூர்க்காரர். எதைப் பார்த்தாலும் "ஜோரா பண்ணிருவோம் தாயி" என்பார். இடிந்த வீட்டைப் பார்த்தாலும் அதுதான்.

ஜோசியரிடம் மதினி கேட்டு வந்தாள். வைகாசி 29-ஐ விட்டால் நிலை வைக்க நாள் இல்லை. ஆனி ஆகாது, ஆடி ஆகவே ஆகாது. கல்யாணம் ஆவணி 26. அதற்குள் நான் மாடியை விட்டு இறங்க வேண்டும்.

அண்ணனிடம் காரை ஞாபகப்படுத்தினேன். "அதுக்கும் ஒரு நல்ல நாள் பாக்கணும்லா?" என்றார். நகர்த்துவதற்கு! பத்தடி தூரத்துக்கு!

12-6-86, வியாழன்

இதை எழுதும்போது பேனா நிப்பு வளைகிறது. வளையட்டும்.

காலை ஆறரைக்கு முகூர்த்தம். ஷெட்டின் வாய் பத்தடி அகலம். அதன் நடுவே நிலையை நிறுத்தி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்ப வேண்டும். நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து உச்சியில் கட்டினோம். அடியில் பால் ஊற்றினோம். மதினி குலவை போட்டாள். அண்ணன் தேங்காய் உடைத்தார், பிறகு உள்ளே திரும்பி காருக்கும் ஒரு தேங்காய் உடைத்தார். கார் மேல் மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். நான்தான் பழத்தை எடுத்து நீட்டினேன். நானே!

பால்ச்சாமி மசமசவென்று நிற்கிற ஆள் இல்லை. நாங்கள் பொங்கல் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் இடுப்பளவு கல் ஏற்றிவிட்டார். கை கழுவிவிட்டுத்தான் கேட்டார்: "தாயி, வண்டி எந்தப் பக்கமா வெளிய வரும்?"

பொன்னுராஜ் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். நிலை மூன்றரை அடி. கார் அஞ்சடிக்குக் கொஞ்சம் குறைவு.

அத்தனை பேர் நின்றோம். காருக்குச் சூடம் காட்டினோம், தொட்டுக் கும்பிட்டோம். அது ஒரு கார், அது வெளியே வர வேண்டும் என்று ஒரு தலைக்காவது தோன்றியதா? என் தலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரிலிருக்கிற ஒவ்வொரு வீட்டு ரகசியமும் இந்தத் தலைக்குள் இருக்கிறது. வீட்டு வாசல் அகலம் மட்டும் இல்லை.

"நிலையைப் பிடுங்கிட்டு மறுபடி வைங்க" என்றேன்.

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். "வச்ச நிலையை அசைச்சா வீட்டுத் தலையாளுக்கு ஆகாது!"

வீட்டுத் தலையாள் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

13-6-86

பின்சுவரை இடிக்க முடியாது. அது பக்கத்து வீட்டுக்கும் சுவர்.

நிலையை எடுத்தால் அண்ணனுக்கு ஆகாது. காரைப் பிரித்தால் அப்பாவுக்கு ஆகாதாம். எனக்கு ஆகாதது எதுவும் இந்த வீட்டில் இல்லையா?

அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "வண்டி பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல ஒரு கட்டில் போட்டுக்கோ."

ஓரம். சுற்றிச் சுற்றி அதே ஓரத்துக்குத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

21-7-86

சுவர் முடிந்தது. வடக்கே பெரிய ஜன்னல். சிவப்புத் தளம், அதுவும் பாதிதான். மீதிப் பாதியில் கார். வெள்ளையடிக்க வந்தவன் காருக்கும் அடிக்கணுமா என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடிக்கச் சொல்லியிருப்பேன்.

இந்தக் காரில் ஏழு தடவை குற்றாலம் போயிருக்கிறேன். பின்சீட்டில் மூன்று பேர். அம்மாவுக்கு வாந்தி வரும், அதனால் ஒரு ஜன்னல். அண்ணன் ஆம்பளைப் பிள்ளை, அதனால் ஒரு ஜன்னல். நடுவில் நான். ஏழு தடவையும் நான் பார்த்தது டிரைவர் பிடரியை. அருவி எந்தப் பக்கம் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது.

9-8-86

மாடியிலிருந்து என் பெட்டியை இறக்கிவிட்டார்கள். நான் டூட்டியில் இருந்தபோது. கேட்காமல். காரின் பானெட் மேல் வைத்திருந்தார்கள்.

10-8-86

ராத்திரி முழுக்க காருக்குள் எலி. நான் இருமினால் அது நிறுத்துகிறது. நான் கண்ணை மூடினால் தொடங்குகிறது. இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்கிற ஒரே ஜீவன்.

போதும்.

13-8-86, புதன்

முடித்துவிட்டேன்.

அண்ணனும் பொன்னுராஜும் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார்கள், சம்பந்தி வீட்டுக்கு. அவர்கள் பஸ் தெருமுனை திரும்பியிருக்காது, தனுஷ்கோடி வந்துவிட்டார். தென்காசி ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். மூன்று ஆட்கள், ஒரு கேஸ் சிலிண்டர்.

"யம்மா, நெசமாத்தானா? அண்ணாச்சி என்னைய வகுந்துருவாக."

"என்னைய வகுந்த பொறவுதான் உங்ககிட்ட வருவாக. அதுக்குள்ள தப்பிச்சு ஓடிருங்க."

கதவுகள் வந்தன. பானெட் வந்தது. எஞ்சினைக் கம்பில் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். எல்லாம் அந்த மூன்றரை அடி நிலை வழியாகத்தான். மேல்கூட்டைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு நிமிஷம் நானே காதைப் பொத்திக்கொண்டேன். பொய் சொல்வானேன்.

மதினி போனைப் பிடித்துத் தொங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கேட்டுக் கேட்டு அலுத்தாள். போர்டில் குருவம்மாள். "லைன் கிடைக்கல மதினி... செத்த நேரம் கழிச்சுப் போடுங்க மதினி..." சாயங்காலம் ஐந்து வரை லைன் கிடைக்கவில்லை. பல்வலிக் கடன் தீர்ந்தது.

பின்சீட்டை மட்டும் நிறுத்திக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

14-8-86

அண்ணன் அடிக்கவில்லை. திட்டவில்லை. காலியான தளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உனக்கு நெஞ்சுல ஈரம் கிடையாது" என்றார்.

"இருந்துச்சுண்ணே. பெட்டியைக் கேக்காம எறக்குன அன்னைக்கு வத்திட்டு."

11-9-86

கல்யாணம் முடிந்தது. போட்டோவில் என்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள். ஓரத்தில் நின்றுகொண்டேன். எனக்குப் பிடித்த ஓரம்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எக்ஸ்சேஞ்சில் மட்டும் தினம் நாலு தடவை பேசுகிறார், ஆள் தெரியாமல்.

6-10-86, திங்கள்

மத்தியானம் வானம் இருட்டியது. எங்கள் வீட்டு நம்பர் விழுந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"ஏட்டி ஆவுடை, மழை வருது. உன் ஜன்னல் திறந்து கெடக்கு" என்றார் அண்ணன். வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு லைனையும் தப்பான இடத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

12-10-86, ஞாயிறு

ஆயுத பூசை. அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்கு வந்தார். முப்பத்தேழு வருஷப் பழக்கம், கால் தானாக வந்துவிட்டது. நிலையைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கிண்ணத்தோடு நின்றார்.

பின்சீட்டை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், புது உறை தைத்து. ஜன்னலை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாற்பத்தாறு வருஷப் பழக்கம் எனக்கும் உண்டு.

எழுந்திருக்கவில்லை.

சீட்டின் மரச்சட்டத்தில் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார், நடுவில்.

"இங்கன இருந்து ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"தெரியாதுண்ணே" என்றேன்.