நறுக்கிப் போட்ட சிவப்பு நூல்

பசுந்தாங், ரங்கூன்
12.3.2004

அன்பு மகன் வாஜிதுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. நீ நல்லா இருக்க துஆ செய்கிறேன். துஆ வேறு, கோபம் வேறு. இந்தக் கடிதம் முழுக்கக் கோபம்தான், உட்கார்ந்து படி.

நீ வேலை பார்க்கும் ஜப்பான் நெசவுக் கம்பெனியிலிருந்து அனுப்பிய நாலு சுருள் சுருக்குப் பட்டு ஜனவரியில் நம் லான்மடாவ் கடைக்கு வந்தது. உன் முதலாளியம்மா ஒவ்வொரு சுருளையும் விரலால் தடவிப் பார்த்து, இழை விட்டுப்போன இடத்துக்கு நேரே கரையில் சிவப்பு நூல் தைத்துவிடுவார், வாங்குகிறவர் அந்த இடத்தை ஒதுக்கி வெட்டிக்கொள்ள வேண்டும், நூலோடுதான் விற்பேன் என்று உன்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் விலை குறைத்துக் கொடுத்தார் என்பதெல்லாம் நீ எழுதியதுதான். கடைக்கு வந்த துணியில் ஒரு நூல் இல்லை. பழுதில்லாத சுருளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாய் என்று நம்பினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை டாவ் தான் மே மகளுக்குக் கல்யாணம். நம்மிடம் வாங்கிய பட்டில்தான் பெண்ணுக்குப் பர்மாச் சட்டை, எஞ்சி, தைத்தார்கள். பெரியவர்களைக் கும்பிடக் கையைத் தூக்கினதும் அக்குளிலிருந்து நெஞ்சு வரை ஒரே கோடாகக் கிழிந்துவிட்டது, அத்தனை பேர் முன்னால். மறுநாள் டாவ் தான் மே வந்து எஞ்சியை என் முன்னால் விரித்துப் போட்டார். சத்தம் போடவில்லை. இருபது வருஷம் உன் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் ஹமீதுன்னிசா, இனிமேல் விளக்கோடு வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்து வந்த உன் மச்சான் இக்பாலைக் கூப்பிட்டுக் கேட்டேன். வாஜித்தான் போனில் சொன்னான் மாமி, நூலையெல்லாம் நறுக்கிடுங்க மச்சான், ரங்கூன்காரங்களுக்கு அது என்னன்னு தெரியவா போவுதுன்னு சிரிச்சான் என்கிறார். நறுக்கியவரைக் கேட்டது போதும், சிரித்த உன்னைக் கேட்கிறேன், ரங்கூன்காரர் என்றால் யாரடா? உன்னைப் பெற்றவள் யார்?

மிச்சமிருக்கும் மூன்று சுருளையும் நானும் உன் லாத்தா சமீனாவும் மாடியில் வெயிலில் விரித்து இரண்டு நாள் தடவிப் பார்த்தோம். விரித்தபோதுதான் சுருள்களின் உள்ளே சீட்டுகள் கிடைத்தன, மூன்றுக்கும் சேர்த்துப் பதினாலு பழுது என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. பதினொன்றுதான் கைக்கு அகப்பட்டது, அங்கெல்லாம் சிவப்பு நூல் தைத்துவிட்டேன். மற்ற மூன்றும் எந்த முழத்தில் என்று அந்த அம்மாவின் நோட்டில்தான் இருக்கும். அது தெரியும்வரை ஒரு கஜம்கூட விற்க மாட்டேன்.

அதனால் அவருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. நீதான் எதிரே உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல வேண்டும். நூலை நறுக்கச் சொன்னது என் மகன் என்பது இரண்டாவது வரி. உன் வேலை போனாலும் போகட்டும், அந்த வரியைத் தாண்டிப் போகாதே. நீ மாற்றிச் சொன்னால் இங்கிருந்து நான் என்ன கண்டேன், உன் வாயை நம்பித்தான் அனுப்புகிறேன்.

குளிரில் வெறும் தலையோடு திரியாதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், அந்த அம்மா முன்னால் நேராகப் பேசும் நாக்கையும் கொடுக்கட்டும்.

உன் உம்மா
ஹமீதுன்னிசா