அம்மன் படத்துக்குப் பின்னால்

நவம்பர் 14, வெள்ளி

என் கராஜுக்கு வந்த ரமணனின் காரில் இன்று, வேகத்தை அளக்கும் பொலிஸ் ராடாரைக் கண்டால் சத்தம் போடும் கருவியைப் பூட்டினேன். இந்த நாட்டில் அது தடை. பொலிஸ் கண்டால் பறித்துவிடும். அதனால் டாஷ்போர்டில் இருந்த அம்மன் படத்துக்குப் பின்னால் மறைத்தேன். ரமணன் சிரித்தான்.

"இனி அம்மாள் பாத்துக்கொள்ளுவா அண்ணை. ஏறுங்கோ, ஓடிப் பாப்பம்."

என் மகளின் பள்ளிக்கூட வீதியில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடலாம். கருவி சத்தமே போடவில்லை. "ராடார் இல்லை" என்று அவன் அழுத்தி மிதித்தான். பாதசாரிக் கடவையில் ஒரு பிள்ளை கால் வைத்தது. நான் கத்தினேன். கார் ஒரு முழம் தள்ளி நின்றது. பிள்ளை என்னைக் கண்டு சிரித்தபடி கை காட்டியது. என் மகள்.

கழற்றப்போகிறேன், கராஜுக்குத் திருப்பு என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? நல்லா வேலை செய்யுது." என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமையும் அவள் அந்தக் கடவையால்தான் போவாள்.