பாராசூட்டுக்குள் எத்தனை பேர்

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் பனி. பால் தாமதம். ஸ்கூட்டரைக் கழுவ நினைத்தேன், நடக்கவில்லை.

காரணம் ச. இருபத்தைந்து வருஷச் சம்சாரத்துக்கு ஒரே எழுத்து போதும், சரசு என்று முழுசாக எழுதச் சோம்பல். ஆட்டோவில் ஒரு பெரிய மூட்டையோடு வந்து இறங்கினாள். உள்ளே பாராசூட். விமானத்திலிருந்து குதிக்கிற அதே பாராசூட்தான்.

“எதுக்கு?” என்றேன்.

“கூடாரம் போடறதுக்குங்க” என்றாள். வெங்காயம் வாங்கி வந்தவள் போல உள்ளே போய்க் காபி கலந்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. இங்கே மைசூர் பட்டு ஃபேக்டரியில் இவளோடு துணி பரிசோதிக்கிற ஜெயா, அவள் மச்சினர் ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். பெங்களூரில் ராணுவப் பழைய சாமான் விற்கிற டிஸ்போசல் கடையில் வாங்கி, புளி காயவைக்க விரித்து, அப்புறம் பரணில் போட்டு மறந்துவிட்டார். அதை இவர்கள் கேட்டு வாங்கிவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் ரத்னம்மாவின் அண்ணனுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கிட்ட காவிரிக் கரையில் தென்னந்தோப்பு. மாசக் கடைசியில் அங்கே போய் இரண்டு ராத்திரி கூடாரத்தில் தங்கப் போகிறார்களாம்.

யார் யார் என்று சொல்லவில்லை. “செக்‌ஷன்ல பேசிக்கிட்டோமுங்க” என்றாள்.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “இந்த வயசுல மண்ணுல படுக்க எனக்கென்ன பைத்தியமா? நான் வரலைப்பா” என்றேன்.

“சரிங்க” என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

என் ஃபேக்டரி ஸ்டோரில் போல்ட்டு எண்ணும்போதும் அதே யோசனை. சரிங்கவாம்.

பந்தியில் இலையைக் கையால் மறைத்துப் “போதும் போதும்” என்றால், பரிமாறுகிறவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானா? நிற்பான். இன்னொரு தடவை கேட்பான். எங்கள் வீட்டில் மூன்று தடவை மறுத்துவிட்டுத்தான் பாயசமே குடிப்போம். வேண்டாம் என்று முதலில் சொல்வது ஒரு மரியாதை. இவளும் அதே பந்தியில் சாப்பிட்டு வளர்ந்தவள்தானே.

ஒருவேளை நாளைக்குக் கேட்பாள்.

நவம்பர் 19, செவ்வாய்

கேட்கவில்லை. பீர்க்கங்காய்க் கூட்டு. உப்பு குறைவு.

நவம்பர் 20, புதன்

சாயங்காலம் மொட்டைமாடியில் விரித்தோம். மாடி போதவில்லை, பாதி கைப்பிடிச் சுவரில் தொங்கியது. கோதுமை மாவு நிறம். அங்கங்கே புளிக்கறை. எலி கடித்த ஓட்டைகள். ஓரத்தைச் சுற்றி இருபத்தெட்டுக் கயிறு இருக்க வேண்டும், ஒரு பக்கம் பூராவும் எலி தின்று வெறும் குஞ்சம்.

பாராசூட் என்றால் பட்டு என்று நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். ச. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, தீக்குச்சியில் காட்டினாள். உருகி மணி மாதிரி உருண்டுகொண்டது.

“பட்டுன்னா முடி கருகின வாசம் வரோணுமுங்க. இது நைலான்.”

கீழ்வீட்டு ஓனர் மாடிப்படியில் நின்று கேட்டது: “ஏனு சார், யாருக்கு மதுவே? சாமியானா எல்லா ரெடி மாடிட்டீங்க.” மகள் கல்யாணம் போன வருஷமே முடிந்துவிட்டது என்றேன். பின்னே இது எதற்கு என்றார். எனக்கே தெரியாது சார் என்று சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம்.

நவம்பர் 21, வியாழன்

ஓட்டைகளுக்கு ஒட்டு. பழைய குடைத் துணிகளை வெட்டி வைத்திருந்தாள். என் குடையும் அதில் ஒன்று, கம்பி மட்டும் மூலையில் நின்றது. வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்க ஊதுபத்தியால் சுட்டுக்கொண்டே போக வேண்டும். அது என் வேலை. வீடெல்லாம் மல்லிகை வாசமும் பிளாஸ்டிக் வாசமும். தலைவலி.

அவள் மிஷினில் தைத்துக்கொண்டே ஏதோ முனகினாள். பாட்டா என்று கேட்டேன். இல்லைங்க என்றாள். பாட்டுதான்.

என்னவோ சரியில்லை. அல்லது எல்லாம் சரியாக இருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

தேவராஜ மார்க்கெட் பக்கம் கயிறு வாங்கப் போனேன். நைலான் வாங்கச் சொல்லியிருந்தாள். நான் ஸ்டோர் கீப்பர், கயிற்றைப் பற்றி எனக்குச் சொல்வதா? நைலானில் முடிச்சு நழுவும். நல்ல முறுக்கான பருத்திக் கயிறு வாங்கினேன். எலி தின்ற பக்கம் முழுக்க அதைக் கட்டிவிட்டேன், மற்ற பக்கம் பழைய நைலானே.

தொட்டுப் பார்த்தாள். “சரிங்க.”

இந்தச் சரிங்கவை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வது.

நவம்பர் 24, ஞாயிறு

பக்கத்து மைதானத்தில் சோதனை. ஜெயா, ரத்னம்மா, பாக்கியம் என்று இன்னொரு அம்மாள், ச. ஆக நான்கு பேர். நடுவிலிருக்கும் ஓட்டையில் கயிறு கோத்துப் புங்கமரக் கிளையில் தூக்கிக் கட்டினோம். ஓரத்துக் கயிறுகளை இழுத்துக் கட்ட, கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து கம்பித் துண்டுகள். நின்றது. அழகாகவே நின்றது, பொய் சொல்லக் கூடாது.

முதலில் நான்தான் உள்ளே போனேன். வெளிச்சம் மோர் மாதிரி இருந்தது. படுத்துப் பார்த்தேன். ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம். போகிறவர்கள் நால்வர். இரண்டு இடம் மிச்சம். மனசு லேசாகிவிட்டது. எழுந்து வந்து எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தேன்.

டீ குடித்து முடிப்பதற்குள் மழை. அரைமணி நேரம் அடித்தது. என் பருத்திக் கயிறு நனைந்து சுருங்கி அந்தப் பக்கம் இழுக்க, நைலான் நனைந்து தொய்ய, கூடாரம் பூராவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, புதிதாகத் தைத்த இடம் சர்ரென்று கிழிந்தது.

ஜெயா: “அண்ணா, உங்க கயிறு மட்டும் கோவிச்சுக்கிட்டு தனியா இழுக்குது பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ச. சிரிக்காமல் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முடிச்சுகளை அவிழ்க்கப் போனாள். அவள் சிரித்திருக்கலாம். அவமானமாக இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

நைலான் வாங்கி வந்தேன். நுனியை மெழுகுவத்தியில் உருக்கி, ஒவ்வொன்றும் ஒரே அளவா என்று பக்கத்துக் கயிற்றோடு சேர்த்துப் பார்த்து, இரட்டை முடிச்சு. அவள் கிழிசலைத் தைத்தாள். மாடியில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில். இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. பிடித்திருந்தது.

வாயைக் கிளறிப் பார்த்தேன்.

“ஆத்தங்கரையில பாம்பு இருக்கும்.”

“இருக்குமுங்க.”

“ஒரு ஆம்பளைத் துணை இல்லாம…”

“ரத்னம்மா அண்ணன் வீடு கூப்பிடு தூரமுங்க.”

“பனி வேற. என் ஸ்வெட்டர் நல்ல கனம்.”

“நீங்க காலைல பால் வாங்கப் போறப்ப போட்டுக்கோங்க.”

நவம்பர் 27, புதன்

ஆபீஸ் பக்கத்து பூத்திலிருந்து மகளுக்குப் பெங்களூருக்குப் போன். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கிறாள்.

“நான் என்ன குறை வச்சேன் அவளுக்கு?”

“அம்மாவைக் கேட்டீங்களாப்பா?”

“கேட்டா என்ன நினைப்பா?”

“கேக்கறாரேன்னு நினைப்பாங்க. நீங்களும் வர்றேன்னு சொல்லணும்னா வாயத் திறந்து சொல்லுங்களேன், சும்மா ஏன் எனக்கு போன் பண்றீங்க?”

மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

நாளைக் காலை புறப்பாடு. கூடத்தில் சாமான்: பாராசூட் மூட்டை, கம்பிகள், சுத்தி, டார்ச், கொசுவத்தி, அவல், வாழைப்பழம், ரொட்டி, புளியோதரை. அடுப்பு எதுவும் இல்லை, கவனித்தேன்.

என் ஸ்வெட்டரை மடித்து அவள் பை பக்கத்தில் வைத்தேன். பையைக் கட்டும்போது அதைத் தூக்கிப் பீரோவில் வைத்துவிட்டாள்.

கேட்டுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நேராக எதையும் கேட்டதில்லை. “சரசு, நானும் வரட்டுமா?”

புடவை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் மறுபடி மடித்தது.

“வேண்டாமுங்க.”

“ஆறு பேர் படுக்கலாமே. ரெண்டு இடம் மிச்சம் இருக்கே.”

“அது காலை நீட்டறதுக்குங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் குழப்பம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க வந்தீங்கன்னா ஆறு மணிக்குக் காபி கேப்பீங்க. கேக்காட்டியும் எனக்கு முழிப்பு வந்துரும். ரத்னம்மா அண்ணன் வீட்டுல தங்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க, அங்கயும் மாட்டேன்னுட்டோம். வீடுன்னா அடுப்பு இருக்குமில்லீங்க. அடுப்பு இருந்தா எந்திரிச்சுப் போயிருவோம், நாலு பேரும். ரெண்டு நாளு யாருக்காகவும் முழிக்காம இருந்து பாக்கோணும். அவ்வளவுதானுங்க.”

நான் உன்னை எழுந்திருக்கச் சொன்னதே இல்லையே என்றேன். இல்லைதானுங்க என்று ஒத்துக்கொண்டாள்.

அப்புறம் இட்லி மாவு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று சொன்னாள்.

நவம்பர் 30, சனி

போய்விட்டார்கள். டெம்போவில் முன்சீட்டில் ஜெயா, பின்னால் மூட்டைமேல் ச. கை காட்டினாள்.

காபி நானே போட்டேன். பால் பொங்கி அடுப்பு நாறிவிட்டது. துடைக்கிற துணி எங்கே இருக்கும் என்று தேடி, கிடைக்காமல், என் பனியனால் துடைத்தேன். அடுப்பு இல்லாத இரண்டு நாள் என்பது இவ்வளவு பெரிய விஷயமா? தெரியவில்லை. இருக்கலாம்.

டி.வி.யில் கிரிக்கெட். பார்க்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

விடியும்போதே மழை. கயிறு ஞாபகம். நான் கட்டின முடிச்சுகள், ஒன்று நழுவினாலும் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். மதியம் வரை பொறுத்தேன், முடியவில்லை. குடை இல்லை (இருந்த குடை பாராசூட்டில் இருக்கிறது). பஸ் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம்.

விசாரித்து நடந்தேன். வண்டிப்பாதை முழுக்கச் சேறு. முடிச்சை மட்டும் பார்த்துவிட்டு, ஒருவேளை அவர்கள் பார்த்துவிட்டால், ரத்னம்மா அண்ணனிடம் தேங்காய் விலை கேட்க வந்தேன் என்று சொல்ல உத்தேசம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். தென்னைகளுக்கு நடுவில் கூடாரம். நிமிர்ந்து நிற்கிறது. ஒரு கயிறும் தொய்யவில்லை. நான் கட்டின பக்கமும்.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

உள்ளே யாரோ சிரித்தார்கள். சும்மா சிரிப்பில்லை, மூச்சு முட்டி, நிறுத்த முடியாமல், ஐயோ ஐயோ என்று தரையைத் தட்டிக்கொண்டு. ஜெயாவின் குரல் எனக்குத் தெரியும், அது இல்லை. ரத்னம்மா இல்லை. அந்தப் பாக்கியமாக இருக்கும் என்று நினைத்தேன். “போதுமுங்க, வயிறு வலிக்குதுங்க” என்று அதே குரல் சொன்னபோதுதான் சரசு என்று தெரிந்தது.

மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சத்தம் கேட்காமல் திரும்பி நடந்து பஸ் பிடித்தேன்.