குங்குமம் என்று நினைத்தது

தவக்காலம் முதல் வாரம், திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. எங்கள் திகாம் பத்து ஊரில் மழை பெய்து மூன்று வாரம்.

நேற்றுப் பூசையில் ஃபாதர் சொன்னது: தினமும் கண்ணில் படும் ஏதாவது ஒன்றில் ஆண்டவர் என்ன சொல்கிறார் என்று கவனித்து எழுதுங்கள். மகன் ஆல்பர்ட்டின் பழைய பள்ளி நோட்டு கிடைத்தது. இதில்தான்.

விட்டவை: காப்பியில் சீனி (இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, வந்த பிறகும் விடாதது), வெள்ளிக்கிழமை இறைச்சி, டிவி நாடகம்.

பாடம்: ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது. மனிதரும் பெருமையைக் கொட்ட வேண்டும். பக்கத்து வீட்டு செலின் அக்காவிடம் சொல்ல வேண்டும், அவருக்குப் பொருந்தும்.

செவ்வாய்

துணி ஊறவைத்தேன். கத்தரிக்காய் வாடல், வாங்கவில்லை.

மருமகள் கவிதா பகல் பதினொரு மணி வரை தூக்கம். ஃபேக்டரியில் நைட் ஷிப்டாம். பாலிங் ஊரில் பிறந்த பெண், இந்து. பதிவுத் திருமணம் செய்து எட்டு மாதம், கோவிலில் ஃபாதர் மந்திரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

பாடம்: விழித்திருங்கள் என்று ஆண்டவர் சொன்னது. அவளிடமே சொன்னேன். மங்கு, தட்டு கழுவப் போய்விட்டாள்.

வெள்ளி

சிலுவைப்பாதை. ஆண்டவர் முதல் முறை விழும் மூன்றாம் இடத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாடம்: விழுந்தால் எழ வேண்டும். கவிதா தன் அம்மாவுக்குப் போன் செய்து நேரத்தைக் கழிக்காமல் எழுந்து வேலை பார்த்தால் நல்லது.

இரண்டாம் வாரம், புதன்

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் கவிதா ஊறுகாய் போத்தலைக் கீழே போட்டு உடைத்தாள். கத்தினேன். கூட்ட வந்தாள். விளக்குமாற்றைப் பிடுங்கினேன்.

"அத்தை, சிலிப்பர் போட்டுக்குங்க. கண்ணாடி லா."

"எனக்குத் தெரியும். நீ போ."

வெறுங்காலோடுதான் கூட்டினேன். பிறகு பூ எடுக்க வாசல், துணி எடுக்கக் கொல்லை, மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி. ஒரு மணி நேரம் வீடு முழுக்க நடந்திருப்பேன்.

திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தரையில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். மாதா படத்தின் முன்னாலும்.

"கவிதா! குங்குமத்தைக் கொட்டிட்டு மிதிச்சிக்கிட்டு நடக்குறியா? என் மாதா முன்னாடியா?"

ஓடி வந்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, உக்காருங்க. அது ரத்தம். உங்க ரத்தம்."

நான் நம்பவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே விரல் நுனி அளவு கண்ணாடி, நட்டுவைத்தது போல் நிற்கிறது. வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அதனால்தான் நான் கத்தினேன்.

காலைத் துண்டால் சுற்றி, காடியில் ஏற்றி, அவளே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். தூங்காத கண்.

வியாழன், ஆஸ்பத்திரி

டாக்டர் மலாய்க்காரப் பிள்ளை, சின்ன வயது. நைலான் நூல் மாதிரி ஒன்றால் காலில் பத்து இடம் தொட்டார்.

"சாக்கிட், மாச்சிக்?"

வலிக்கிறதா அம்மா என்கிறார். தொடுகிறார் என்பதே தெரியவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் தெரிந்தது.

இனிப்பு நீரால் காலில் உணர்ச்சி செத்துவிட்டதாம். கண்ணாடி பெரிய விஷயம் இல்லையாம். சுண்டுவிரலுக்கு அடியில் பழைய புண், உள்ளே கறுத்துவிட்டது. பல வாரமாக இருக்கிறதாம். விரலை எடுக்க வேண்டும். இன்னும் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்.

என் கால். எனக்குத் தெரியாது.

வெள்ளி

விரல் எடுத்தாயிற்று. கட்டுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கத் தைரியம் இல்லை.

மாலை ஆல்பர்ட் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, இப்ப சொல்லக் கூடாதுதான். நர்ஸ் மிஸ்ஸி வந்து, வீட்டுல உங்கள யாரு பாத்துப்பாங்கன்னு கேக்குறதுக்குள்ள சொல்லிடுறேன். நாங்க தனியா சுங்கைப் பட்டாணி டவுன்ல வீடு பார்த்துட்டோம்."

"ஏன்டா? என்ன குறை?"

"உங்க வாய்தான்மா."

சிரிக்கிறானோ என்று பார்த்தேன். இல்லை.

"அவளுக்குக் கரு கலைஞ்சப்ப என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரியில இருந்து வந்து வாசல்ல சிலிப்பர் கழட்டுறா. கோவில்ல கட்டாத கல்யாணம், ஆண்டவர் எப்படிக் கொடுப்பாருன்னு கேட்டீங்க."

ஞாபகம் இல்லை.

"தினம் ஒன்னு சொல்லுறீங்கம்மா. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

தெரியவில்லை என்றேன். பொய் இல்லை. அவள் கஞ்சி கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, போர்வை போர்த்தியது ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது மட்டும் இல்லை.

சனி

நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இதுவரை எழுதியதைப் படித்தேன். செலின் அக்காவுக்கு ஒரு பாடம். கவிதாவுக்கு, கவிதாவுக்கு, மறுபடி கவிதாவுக்கு. எனக்கென்று ஒன்றும் இல்லை. மூடிவைத்தேன்.

புனித வாரம், திங்கள்

வீட்டில். கைத்தடியோடு நடை. வேலைக்குப் போகும் முன் கவிதா கட்டு மாற்றுகிறாள். ஒரு வார்த்தை அதிகம் பேசுவதில்லை. நானும் வாயைத் திறக்கப் பயந்து இருக்கிறேன். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லையே.

பெரிய வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போக முடியவில்லை. மூன்று மணி. ஆல்பர்ட் கோவிலில். கவிதா என் எதிரே தரையில் உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்தாள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

"கவிதா. நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு நான் சொன்னது."

கை நின்றது.

"அவர் சொல்லிட்டாரா?"

"எனக்கு ஞாபகமே இல்லம்மா. அப்படி ஒன்னைச் சொல்லிட்டு மறந்தும் போயிருக்கேன். ரெண்டுக்கும் மன்னிச்சிக்கோ. வீட்டுல இருங்கன்னு கேக்கல. போங்க. மன்னிப்பு மட்டும் கேக்குறேன்."

பஞ்சை மருந்துத் தண்ணீரில் நனைத்தாள். பிழிந்தாள். மறுபடி நனைத்தாள்.

"பொண்ணு அத்தை," என்றாள். "நாலரை மாசம். உங்க பேர வைக்கணும்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

என் பேரா. அவளா சொன்னாள்.

அவள் அழவில்லை. விரல் இருந்த இடத்தைச் சுற்றித் துடைத்தாள், மருந்து வைத்தாள், புதுத் துணி சுற்றினாள். எழுந்திருக்கும்போது என் முழங்காலில் கை ஊன்றினாள். அந்தக் கையை உடனே எடுக்கவில்லை.

"இப்ப என்னால ஒன்னும் சொல்ல முடியல அத்தை. அடுத்த வாரம் சாமான் ஏத்துறோம். ஆனா கட்டு மாத்த வேற யாரையும் கூப்பிடாதீங்க. ஷிப்டு முடிஞ்சி நேரா இங்க வந்துடுறேன்."

சரி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.