உன் பெயரில் நான் சொன்ன பொய்

இன்று காலை கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் மேசையிலிருந்து வரும் வார்னிஷ் வாடைக்கு வழக்கம்போல இரண்டு தும்மல் போட்டு உட்கார்ந்தேன். கைபேசி சிணுங்கியது. நம் கடையின் இணையதளத்தில், உன் கட்டுரை ஒன்றின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். வல்லத்திராக்கோட்டைக்காரர்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி ஃபுட் வால்வப் பாக்கணும்னு குழாயப் பூரா உருவிப்புட்டோம். போருக்குள்ள எறக்குன மோட்டாருக்கு ஏதுக்கா ஃபுட் வால்வு? அது கெணத்து மோட்டாருக்குல்ல? ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? பாத்துக்கங்க."

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் உன் உடம்பை விசாரிக்கிறார்.

மறுபடி படித்தேன். உருவிய குழாயை மறுபடி இறக்க அந்த மனிதர் எத்தனை ஆளைக் கூப்பிட்டாரோ, என்னென்ன வார்த்தை சொன்னாரோ. அத்தனையும் உன் பேருக்கு. ஆனால் அந்தப் பதிலை எழுதியது நீயில்லையே. நான்தான். உன் பெயரைப் போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில், உன்னைப் போலவே "அண்ணே, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்து எழுதியிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே உன் கணக்கு வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியவள்தானே நான். அப்போதாவது விடையை ஒழுங்காகக் காப்பியடித்தேன்.

நீ கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை உதறிவிட்டு வந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? தலைமையாசிரியையிடம் சண்டை போட்டு, அதே சூட்டில் நேராக என் கடைக்கு வந்து ஒரு டீ குடித்தாய். எங்கள் இணையதளத்தைத் திறந்து பார்த்தாய். டீ மூக்கில் ஏறிவிட்டது.

அந்த முதல் பக்கத்தை வடிவமைத்தது நானும் எங்கள் வீட்டுக்காரரும். எங்களுக்குத் தெரிந்த வடிவம் ஒன்றுதான், கல்யாணப் பத்திரிகை. மேலே குலதெய்வம் துணை. அப்புறம் தலைமை, முன்னிலை, வரவேற்பு. இடப்பக்கம் எங்கள் வீட்டுக்காரரின் பெரியப்பா படம், வலப்பக்கம் அவருடைய தாய்மாமன் படம், இரண்டும் ஒரே அளவு, ஒரே மட்டம். அதற்குக் கீழே பங்காளிகள் வயது வாரியாக. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே! மோட்டார் படம் எங்கே என்று கேட்டாய். அதற்கு இடம் பத்தவில்லை என்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைக் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் கம்பீரமாக நின்ற இரண்டு பெரியவர்களும், கைபேசியில் திறந்தால் ஒருவருக்குக் கீழே ஒருவராகப் போய்விட்டார்கள். பெரியப்பா மேலே, தாய்மாமன் கீழே. திருமயத்திலிருந்து அன்று மத்தியானமே பஸ் ஏறி வந்துவிட்டார் தாய்மாமன்.

"என்னடா மாப்ள, அந்தாளு காலுக்கடியில என்னப் போட்டு வச்சிருக்க? ஒன் காது குத்துக்கு மடியில வச்சிருந்தவன்டா நானு!"

"மாமா, அது போனு பண்ற வேல. நாங்க செய்யல மாமா."

"போனுக்கென்ன தெரியும் எது தாய்மாமன் வீடு, எது அப்பன் வீடுன்னு? நீதான சொல்லிக் குடுத்துருப்ப?"

நீதான் நடுவில் புகுந்தாய். அந்த வீட்டு விவகாரத்தில் உனக்கு எந்த உறவும் இல்லை என்பதே உனக்குப் பெரிய பலம். "ஐயா, இந்தப் பக்கத்துக்கு வர்ற ஆளு தோட்டத்துல பயிரு வாடிப் போய் நிக்கிறவரு. அவருக்கு ஒங்களயும் தெரியாது, அவரயும் தெரியாது. போன் நம்பர்தான் வேணும்" என்றாய். மறுநாள் காலையில் பார்த்தால் குலதெய்வம் உட்பட அத்தனை பேரையும் தூக்கியிருந்தாய். உச்சியில் தொட்டால் அழைப்புப் போகிற மாதிரி தொலைபேசி எண், கடை இருக்கும் இடத்துக்கு வரைபடம், திறக்கிற நேரம், சாத்துகிற நேரம். அவ்வளவுதான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து மூன்று பேர் வெளியேறினார்கள். நான் கொஞ்சம் பயந்தேன். நீ பயப்படவில்லை, ஏனென்றால் நீ அந்தக் குழுவிலேயே இல்லை.

பிறகு தாய்மாமனைச் சரிக்கட்டினாய் பார், அதுதான் வித்தை. அவரை அவருடைய கிணற்றடிக்கே அழைத்துப் போய், துண்டைத் தலையில் கட்டச் சொல்லி, கையில் ஃபுட் வால்வைக் கொடுத்துப் படம் எடுத்தாய். "கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் இருக்கும் வால்வு இதுதான்" என்று கட்டுரையில் போட்டாய். எங்கள் தளத்தில் இன்றைக்கும் ஆட்கள் அதிகம் பார்ப்பது அவரைத்தான். கல்யாண வீடுகளில் "வால்வு மாமா" என்று கூப்பிடுகிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார்.

எதிர்க் கடைக்காரர் தளத்தில் மோட்டாருக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் கோட்டு போட்டுக் கைகுலுக்கும் படம் இருந்தது. நான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன். "இந்தத் தொரைக எந்த ஊர்த் தோட்டத்துல கடல வெதச்சிருக்காக?" என்று நீ கேட்டதும் என் பொறாமை போய்விட்டது. அதிலிருந்து நம் கடைப் படம், நம் ஆட்கள் படம்தான், முகம் எப்படியிருந்தாலும்.

முகம் என்றதும் இன்னொன்று. யாரோ ஒருவர் விமரிசனம் எழுதினார்: மோட்டார் நன்றாயிருக்கிறது, முதலாளி மூஞ்சிதான் சரியில்லை. எங்கள் வீட்டுக்காரர் அதை அழிக்கச் சொல்லிக் குதித்தார். அழித்தால் மற்ற பாராட்டையும் எவனும் நம்ப மாட்டான் என்று சொல்லிவிட்டு, நீ கீழே பதில் போட்டாய்: "மோட்டாருக்குத்தான் உத்தரவாதம் தருகிறோம் ஐயா." அதைப் படித்துவிட்டு, அந்த மூஞ்சியை நேரில் பார்க்கவே அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வந்தார். வந்தவர் மோட்டாரும் வாங்கினார்.

ஆனால் நீ செய்த பெரிய காரியம் இதெல்லாம் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதிக்கொண்டாய். "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல." "ஸ்விட்ச்சப் போட்டா உறுமுது, சுத்தல." அதையே கட்டுரைக்குத் தலைப்பாகவும் வைத்தாய். நான் "நீரேற்று இயந்திரக் கோளாறுகளும் தீர்வுகளும்" என்று ஒரு தலைப்பு எழுதி நீட்டினேன். தமிழில் நான் வகுப்பில் முதல் மார்க் அல்லவா?

"இத எவன்டி தேடுவான்? தண்ணி வரலன்னா மனுசன் தண்ணி வரலன்னுதான்டி அடிப்பான். அவன் பேசறத எழுது. ஒன் மார்க்க வீட்ல வச்சிட்டு வா."

முதல் கட்டுரையைப் படித்து எங்கள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். தண்ணீர் ஊற்றிப் பார், குழாய் மூட்டில் காற்று இழுக்கிறதா பார், வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா பார், இவ்வளவும் பார்த்த பிறகு சரியாகாவிட்டால் மட்டும் எங்களிடம் வா என்று எழுதியிருந்தாய்.

"ஏன் டீச்சரம்மா, அவுக வீட்லயே சரி பண்ணிக்கிட்டா நம்ம கடைக்கு எவன் வருவான்?"

"இன்னிக்கு வரமாட்டான்ணே. மோட்டார் எரிஞ்சு போற அன்னிக்கு வேற எங்கயும் போகமாட்டான்."

அப்படித்தான் நடந்தது. தீபாவளி, பொங்கல் வாழ்த்துப் படமாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்த எங்களை வாரம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வைத்தாய். திருச்சி ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் தலைப்புத் திருத்தினாய். "தலைப்புல எங்கயாச்சும் 'தலைசிறந்த'ன்னு பாத்தேன், ஊசியப் பிடுங்கிட்டு வந்து நிப்பேன்" என்றாய். நீ வந்து நிற்பாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. கேள்விகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. நீ போய் நாலு மாதம் கழித்து ஒன்று: "அக்கா, ஞாயித்துக்கெழம கடை உண்டா?" உண்டு என்று எழுத என் பெயரில் நுழைந்தால் போதும். ஆனால் "அக்கா" என்று கேட்டிருக்கிறாரே, அக்கா இல்லை என்று எழுத விரல் வரவில்லை. உன் பெயரில் நுழைந்து "உண்டு தம்பி" என்றேன். அவர் நன்றி சொன்னார். நீ பதில் சொல்லிவிட்டாய் என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ருசியைக் கண்டுவிட்டேன். போன வாரம் வல்லத்திராக்கோட்டைக்காரர், டிரான்ஸ்பார்மர் மாற்றியதிலிருந்து ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று கேட்டபோது, மெக்கானிக்கிடம்கூட விசாரிக்காமல், சாதாரணக் கிணற்று மோட்டாருக்கு நீ எழுதிய பழைய கட்டுரையைக் கிளறி ஃபுட் வால்வு என்று அடித்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில் பதினோரு மணிக்கு இணையதள ஆலோசகர் ஒருவர் வந்தார். எங்கள் வீட்டுக்காரர் வரச் சொன்ன ஆள், திருச்சிக்காரர். நம் வயதுதான் இருக்கும், தலைமுடி மட்டும் நம்மைவிட இளமையான கறுப்பு. மடிக்கணினியைத் திறந்தார்.

"மேடம், ஒங்க சைட்ல அந்த மேடம் பேருக்குத்தான் மதிப்பு. ஜனங்க நம்புறாங்க. அத வேஸ்ட் பண்ணக் கூடாது. தெனம் ஒரு கட்டுரை மெஷினே எழுதிரும். அவங்க பேர், அவங்க போட்டோ, அப்படியே போட்டு ஓட்டிரலாம்."

"அவ எறந்துட்டா சார்."

"தெரியும் மேடம். சார் சொன்னாரு. படிக்கிறவங்களுக்குத் தெரியாதுல்ல?"

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லையடி. நாலு மாதமாக நான் கைவேலையாகச் செய்வதைத்தானே அவர் மெஷின் வேலையாகச் செய்து தருகிறேன் என்கிறார்!

மாதிரிக்கு ஒன்று காட்டினார். உன் படம், நீ சிரிக்கிறாய். கீழே, "இன்றைய நவீன யுகத்தில் நீர் என்பது மனித வாழ்வின் இன்றியமையாத" என்று தொடங்குகிறது. நீ எழுதியதாம்! மூன்றாம் பத்தியில், "ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் தண்ணீர் குறைந்தால் ஃபுட் வால்வைச் சரிபார்க்கவும்" என்றிருந்தது.

"இது எங்கருந்து எடுத்தீங்க?"

"ஒங்க சைட்லருந்துதான் மேடம். அந்த மேடமே போன வாரம் பதில் போட்டிருக்காங்களே."

அந்த மேடமே! என் பொய் ஒரு வாரத்தில் குட்டி போட்டுவிட்டது. இப்படியே விட்டால் தினம் ஒன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் குழாயை உருவிப் போட்டுவிட்டு உன்னைத் திட்டுவார். அத்தனை வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து நீ சம்பாதித்த பேர்.

"வேணாம் சார். அவ பேர்ல இனி ஒரு வரி வராது."

"எமோஷனலா முடிவெடுக்காதீங்க மேடம். அவங்க ஃபேமிலில யாராச்சும் அப்ஜெக்சன் சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

என்ன வேணும் என்று நான் யோசிப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் மடிக்கணினியை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். "இதக் கொண்டு போயிருங்க சார். டீச்சரம்மா இருந்து இதப் படிச்சுச்சுன்னா மொதல்ல என்னத்தான் கழுவி ஊத்தும்" என்றார். அவர் மூஞ்சி அந்த நேரம் அழகாகத்தான் இருந்தது. சொன்னால் தலைக்கு ஏறும் என்று சொல்லவில்லை.

ஆலோசகர் போனதும் வல்லத்திராக்கோட்டைக்காரரை நானே போனில் அழைத்தேன். அந்த அக்கா இறந்து எட்டு மாதமாகிறது, தப்பாகச் சொன்னது நான், என்னைத் திட்டுங்கள் என்றேன்.

"அடப் பாவமே. எங்க ஆத்தா செத்ததுக்குக்கூட இப்புடித் திக்குனு ஆகல எனக்கு" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி, அப்ப எம் மோட்டாருக்கு என்னதான்க்கா கோளாறு?" என்றார்.

பக்கத்திலேயே மெக்கானிக்கை நிறுத்தி வைத்திருந்தேன். டிரான்ஸ்பார்மர் மாற்றியபோது லைன் மாறி, மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரில் மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றச் சொன்னால் போதும் என்றார் அவர். சாயங்காலம் படம் வந்தது, குழாய் வாய் நிறையத் தண்ணீர்.

பிறகு உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். உன் ஒவ்வொரு கட்டுரைக்கு மேலேயும், "இதை எழுதியவர் இறந்துவிட்டார், இனி அவர் பெயரில் புதிதாக எதுவும் வராது" என்று சேர்த்தேன். இந்த நாலு மாதத்தில் உன் பெயரில் நான் போட்ட பதில்களைத் தேடித் தேடி என் பெயருக்கு மாற்றினேன். ஆலோசகர் போன் பண்ணி, வியாபாரத் தளத்தில் சாவுச் செய்தி போட்டால் வருகிறவர்கள் குறைவார்கள் என்றார். குறையட்டும் என்றேன். பொய்யான ஆளைப் பார்க்கக் கூட்டம் வருவதைவிட, மெய்யான ஆளைப் பார்க்க நாலு பேர் வரட்டும்.

உன் மூளை எனக்கு வரப்போவதில்லை. நீ மூன்று வரியில் சொல்வதை நான் முப்பது வரியில் வளர்த்து, நடுவில் யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது என்பதையும் சேர்த்துவிடுவேன். இருந்தாலும் உன்னிடமிருந்து ஒன்று என்னோடு ஒட்டிக்கொண்டது. ஒருமுறை யாரோ சோலார் மோட்டார் பற்றிக் கேட்க, நீ "எனக்குத் தெரியாது" என்று ஊரறியப் பதில் எழுதினாய். எனக்கு மானம் போயிற்று. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரிஞ்ச மாதிரி எழுதறதுக்குத்தான்டி வெக்கப்படணும்" என்றாய்.

இதோ, சற்றுமுன் கீரனூர்ப் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. பலாத்தோப்புக்குச் சொட்டுநீர் போட எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வேண்டும் என்று. "எனக்குத் தெரியாதுங்க. எங்கள் மெக்கானிக்கை உங்கள் கிணற்றைப் பார்க்க அனுப்புகிறேன்" என்று அடித்து, கீழே என் பெயரை முழுதாகப் போட்டேன். என் படத்தையும் வைத்தேன், இரட்டை நாடி தெரிகிற படத்தையே.

எங்கள் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "கடைக்காரியே தெரியாதுன்னு எழுதலாமாடி?"

"எழுதியாச்சுங்க" என்றேன்.