ஒரு ‘ங்க’ விட்டுப்போனது

புதன்கிழமை

எங்கள் பனியன் கம்பெனி ஆண்டு விழா நாடகத்துக்கு இன்று ஒத்திகை. வெளிமாநிலத்து ஆட்களை நாம் ஏன் ஒதுக்குகிறோம் என்பதுதான் கதை. நான் எழுதியது. வேலை போய்விடுமோ என்ற பயம், மொழி புரியாத எரிச்சல், எல்லாம் வசனத்தில் இருக்கிறது. வேடங்களை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் பிகாஷ் வீட்டுக்காரர். வாடகைக்கு வீடு கேட்டு வருவது, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் செல்வியக்கா.

“ஊடு காலியா இருக்குங்களா?” என்றார் செல்வியக்கா.

“ஊடு இல்ல. போ,” என்றான் பிகாஷ்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் வீடு இல்லை என்றாலும் “இல்லீங்க” என்றுதான் சொல்வார்கள், கைக்குழந்தையிடம்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம் என்று விளக்கினேன்.

“எட்டு வருசமா இங்கதான் தமிழ் கத்துக்கிட்டேன் மேடம். எங்கிட்ட யாரும் அப்படிப் பேசல,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

“சரி, மறுபடி சொல்லு,” என்றேன். ஒத்திகை நன்றாகவே முடிந்தது.

இப்போது மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். செல்வியக்கா ‘என்றார்’. பிகாஷ் ‘என்றான்’.

அவரும் என்னைவிட மூத்தவர்தான்.